மூன்றாம் தூணின் அடி

ஏழும் எட்டும் பதினைந்து. இதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அந்தப் பதினைந்தை எப்படி எழுதுவது என்ற விஷயத்தில் ஒரு ரயில் பாலமும் சில மனிதர்களின் உயிரும் ஒருமுறை தொங்கிக்கொண்டிருந்தன.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பாலத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். அதைக் கட்டியவரைப் பற்றி ஒரு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். ஜெர்மனில் மரியாதையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மரியாதைக்குள் அடங்காததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் வளர்ந்து, சென்னையில் சிவில் படித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனிக்கு வந்தவன். சௌந்தரராஜன் என்ற பெயரில் பாதியை முதல் நாளே வெட்டி எறிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஹெர் ராஜன், அதாவது திரு. ராஜன். மேற்படிப்பு, ஒரு குளிர்காலம் முழுக்க ஜலதோஷம், பிறகு ரைன் நதிப் பக்கத்தில் பாலங்களைப் பரிசோதிக்கும் அலுவலகத்தில் வேலை. என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை, எண்களைத் தவிர.

ஜெர்மன்காரர்கள் நாற்பத்தைந்து என்று சொல்ல மாட்டார்கள். 'ஐந்தும் நாற்பதும்' என்பார்கள். காதில் ஐந்து முதலில் விழும். என் பென்சில் உடனே ஐந்தை எழுதிவிடும். பிறகு நாலு. ஆக, ஐம்பத்து நாலு. பாலத்தில் இப்படி ஒரு தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே எனக்குப் பாதி ரத்தம் சுண்டிப்போனது.

இதற்காகவே அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். அளவு நாடாவைப் பிடிப்பவர் எண்ணை உரக்கச் சொல்வார். எழுதுபவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்ற பிறகுதான் பென்சில் தாளைத் தொடலாம். மழை பெய்தாலும் இதுதான், ரயில் தலைக்கு மேல் ஓடினாலும் இதுதான். நான் நடுவில் எனக்காக ஒரு படி சேர்த்துக்கொண்டேன். காதில் விழுந்ததை ஒருமுறை தமிழில் முணுமுணுத்துப் பார்ப்பேன். எண் நேராகிவிடும். பிறகு ஜெர்மனில் திரும்பச் சொல்வேன்.

என் முணுமுணுப்பைக் கண்டுபிடித்தவர் தலைமைப் பொறியாளர் ஹெர் ப்ரெனெக்கே. நெட்டையான மனிதர். வடக்கே கடலோரத்துக்காரர், ஆனால் பேச்சில் ஊர் வாடையே இருக்காது, அச்சடித்த ஜெர்மன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அதனாலேயே பயம் அதிகம். யார் என்ன சொன்னாலும் முதலில் 'ஸோ' என்பார். அந்த ஒரு ஸோவுக்குள் பாராட்டும் இருக்கலாம், சீட்டுக் கிழிவதும் இருக்கலாம். அடுத்து 'காரணம்?' என்பார். உட்காரச் சொல்ல மாட்டார். நாம் நின்றபடி காரணம் சொல்லும்போது அவர் ஒரு சிறு கத்தியால் பென்சில் சீவிக்கொண்டிருப்பார். சீவுவது நின்றால் நாம் எங்கேயோ சறுக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

"ஹெர் ராஜன், நடுவில் என்ன முணுமுணுக்கிறீர்கள்?"

"தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்."

"ஸோ. என் பாலத்தில் ஜெர்மனில் மட்டும்தான் எண்ண வேண்டும். இரண்டு மொழியில் எண்ணுகிறவருக்கு இரண்டு விடை கிடைக்கும்."

அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு எண்ணக் கற்றுக்கொண்டேன். வாய்தான் மூடியது. உள்ளே தமிழ் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ப்ரெனெக்கேயின் மேசைக்குப் பின்னால் ஒரு படம் தொங்கும். தாடி வைத்த, தூங்காத கண்கள் கொண்ட ஒரு பெரியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் வட்டாரத்துப் பாலங்களில் பாதியைக் கட்டியவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கிடையாது. 'கிழவர்' என்றால் அவர்தான். புதிதாகச் சேரும் எவரையும் ப்ரெனெக்கே அந்தப் படத்தின் முன் நிறுத்திக் கதை சொல்வார். அவர் நீளமாகப் பேசும் ஒரே விஷயம் அது.

கிழவர் ஹெஸன் சமஸ்தானத்தில் ஒரு தச்சரின் மகன். சொந்த ஊர்ப் பக்கம் படித்துவிட்டு, வேலைக்கு ப்ரஷ்யாவின் ரயில்வேக்கு வந்தார். ரைனில் கலக்கும் ஒரு துணையாற்றின் மேல் பாலம் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. இரண்டு தூண்கள் ஒழுங்காக எழும்பின. மூன்றாவதற்கு அடித்தளம் தோண்டும்போது வெள்ளம் வந்து மரத்தடுப்பை உடைத்துக்கொண்டு குழிக்குள் பாய்ந்தது. உள்ளே இருந்தவர்களில் சிலர் மேலே வரவே இல்லை. தண்ணீர் வடிந்ததும் வேலையாட்கள் குழிக்குள் இறங்க மறுத்தார்கள். கிழவர் தானே முதலில் இறங்கினார். அடித்தளம் முடியும் வரை அங்கேயே நின்றார். தூணின் அடிப்பகுதியை அந்தச் சேற்றில் நின்று தன் கையால் வரைந்தார். மேலே தெரியும் பகுதியை மட்டும் பிறகு அலுவலக வரைவாளர்கள் அழகாக வரைந்து சேர்த்தார்கள். அதன் பிறகு கிழவர் தண்ணீரில் தூண் நிறுத்தும் எந்தப் பாலத்தையும் கட்டவில்லை.

"அவர் வாழ்நாளில் ஒரே ஒரு கூட்டல் பிழை செய்தார். அது அன்றைக்கு" என்று சொல்லி முடிப்பார் ப்ரெனெக்கே. குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இளகும்.

அறுபதுகளின் கடைசியில் அந்தப் பாலம் என் மேசைக்கு வந்தது. ஆற்றில் பெரிய பெரிய சரக்குப் படகுகள் வர ஆரம்பித்திருந்தன. ஏதாவது ஒன்று மூன்றாம் தூணில் மோதிவிடாமல் பக்கத்தில் கான்கிரீட்டில் ஒரு காப்புத் திண்டு கட்ட முடிவாயிற்று. அதற்காகத் தூணை ஒட்டி ஆற்றுக்குள் ஒரு குழி. இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து அடித்துச் சுவர் எழுப்பி, தண்ணீரை இறைத்து, உள்ளே ஆள் இறங்கித் தோண்ட வேண்டும். ஏழு மீட்டர் ஆழம். தூணின் அடித்தளம் அதைவிட ஆழமாக இருக்கிறது என்பதால் அனுமதி கொடுத்தாயிற்று. பாதி தோண்டியும் ஆயிற்று. பாலத்தின் மேல் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ப்ரெனெக்கே பழைய வரைபடங்களை என்னிடம் தந்தார். எல்லா அளவுகளையும் மீட்டருக்கு மாற்றித் தர வேண்டும், கோப்புக்காக.

"உங்களுக்கு அடியும் அங்குலமும் பழக்கம். இங்கே இருக்கும் இளைஞர்களுக்குச் செருப்புக்குள் இருக்கும் அடியைத் தவிர வேறு அடி தெரியாது" என்றார். அவர் செய்த நகைச்சுவைகளில் என் நினைவில் நிற்பது அது ஒன்றுதான்.

அடி அங்குலத்தில் நான் புலி. ஆங்கிலேய அடி வேறு, ப்ரஷ்ய அடி வேறு என்பதும் தெரியும். ப்ரஷ்ய அடி கொஞ்சம் நீளம், ஆனால் அதற்கும் பன்னிரண்டு அங்குலம்தான். மூன்று தூண்களையும் வரிசையாக மாற்றிக்கொண்டே வந்தேன். கடைசியில் கிழவர் கையால் வரைந்த அடித்தளம். மேல் அடுக்கு பத்தடி ஏழு அங்குலம். கீழ் அடுக்கு பதின்மூன்று அடி எட்டு அங்குலம். மொத்தம் இருபத்து நாலடி ஐந்து அங்குலம் என்று எழுதியிருந்தது. அந்த ஐந்தின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் பென்சிலால் மூன்று என்று யாரோ திருத்தியிருந்தார்கள். ப்ரெனெக்கேயின் மூன்று. அவர் மூன்றின் தலை தட்டையாக இருக்கும்.

திருத்தம் சரிதான். ஏழும் எட்டும் பதினைந்து. பன்னிரண்டு அங்குலம் ஓர் அடியாகப் போனால் மீதி மூன்று. கிழவர் செய்த பிழை என்று ப்ரெனெக்கே சொல்வது இதுதான் என்று புரிந்தது. அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். ஆனால் வழக்கம்போல் உள்ளுக்குள் தமிழில் ஒருமுறை கூட்டினேன். ஏழும் எட்டும் பதினைந்து, பத்துப் போக ஐந்து. பள்ளிக்கூடத்துக் கூட்டல். பத்துக்கு மேல் போனால் அடுத்த இடத்துக்கு ஒன்றைத் தள்ளுவது. கிழவரின் ஐந்து பிசகில்லாமல் வந்து நின்றது.

பத்துப் போக ஐந்து என்றால் அந்த அடிக்குப் பத்து அங்குலம். எந்த அடிக்குப் பத்து அங்குலம்?

ஜெர்மனி ஒரே நாடாவதற்கு முன் சமஸ்தானத்துக்குச் சமஸ்தானம் அடி மாறும். அலமாரியிலிருந்து பழைய அளவைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஹெஸன் அடி. அதற்குப் பத்து அங்குலம். நீளம் கால் மீட்டர். பென்சிலை எடுத்து இரண்டு விதமாகவும் பெருக்கிப் பார்த்தேன். ப்ரஷ்ய அடியாக இருந்தால் தூண் ஏழரை மீட்டருக்கும் கீழே நிற்கிறது. ஹெஸன் அடியாக இருந்தால் ஆறு மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. குழியோ ஏழு மீட்டர் போகப்போகிறது. அந்த இரும்புத் தகடுகள் மண்ணைத் தாங்கத்தான் கணக்குப் போட்டவை, ரயிலோடு சேர்த்து ஒரு தூணைத் தாங்க அல்ல. தூணுக்கு அடியிலிருக்கும் மண் குழிக்குள் சரியும். அப்புறம் தூண் வரும்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடைசிப் பகுதியைத் தோண்டத் திங்கட்கிழமை இறங்குகிறார்கள். இறங்குபவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர்.

சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். கப்பலில் வேலை செய்து ஹாம்பர்க்கில் இறங்கி, எப்படியோ இந்த ஆற்றுவேலைக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவர். அந்த வட்டாரத்தில் தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். நான் 'ஆமாம்' என்னும் இடத்தில் அவர் 'ஓம்' என்பார். அன்று மாலை ஆற்றங்கரையில் அவரைத் தேடிப் போனேன்.

"என்னண்ணை, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மேலே தெரியும் தூணை நாங்கள் அளந்திருக்கிறோம். ப்ரஷ்ய அடியோடு மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது. ஒரே தூணில் மேலே ஓர் அடி, கீழே ஓர் அடியா?

"சிவபாலன், எனக்கு ப்ரூஃப் எதுவும் இல்லை. ஒரு கூட்டல்தான் இருக்கு. அதையும் என் பாஸ் தப்புன்னு திருத்தி வச்சிருக்கார். வேலையை நிறுத்தச் சொல்லி, நான் சொன்னது தப்பாப் போச்சுன்னா என் விசாவை ரினியூ பண்ண யாரு கையெழுத்துப் போடுவா?"

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு உந்தக் கணக்கு விளங்காது அண்ணை. ஒண்டு மட்டும் விளங்குது. நீங்கள் சொல்லி அது பிழையாப் போச்செண்டால் உங்கட வேலை போகும். சொல்லாமல் விட்டு உங்கட கணக்குச் சரியாக் கிடந்தால் நான் போவன்."



வெள்ளிக்கிழமை காலை ப்ரெனெக்கேயின் மேசை முன் நின்றேன். கிழவர் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடத்தை விரித்து, மூன்றாம் தூணின் அடித்தளம் ஹெஸன் அடியில் வரையப்பட்டிருக்கலாம் என்றேன்.

"ஸோ. காரணம்?"

பென்சில் சீவத் தொடங்கினார். நான் கூட்டலைச் சொன்னேன். பத்துப் போக ஐந்து என்ற இடத்தில் கத்தி நின்றது.

"அந்தப் பிழையைத் திருத்தியவன் நான்."

"தெரியும், ஹெர் ப்ரெனெக்கே."

"ஆட்களைப் பலி கொடுத்த குழிக்குள் நின்று ஒரு மனிதர் வரைந்தது அது. களைத்துப்போன மனிதன் கூட்டலில் தவறுவான். அதற்காக அவரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை."

"அவர் தவறவில்லை என்றுதான் நானும் சொல்கிறேன். பயத்தில் ஊருக்குப் போய்விட்டார்."

"புரியவில்லை."

"அவர் தச்சர் மகன். சின்ன வயதில் கையில் பிடித்த அளவுகோல் ஹெஸன் அடி. ப்ரஷ்யாவில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும், தண்ணீர் கழுத்துக்கு வரும்போது கை அதைத்தான் தேடும்."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதைச் சொன்னால் அவர் தடையை மீறியது தெரிந்துவிடும். ஆனாலும் சொன்னேன்.

"எனக்குப் பயம் வந்தால் நான் தமிழில்தான் எண்ணுகிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் படத்தைப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது. போயிற்று, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"நீங்கள் சொல்வது சரியென்றால் நான் அனுமதி கொடுத்தது ஒரு சவக்குழிக்கு" என்றார். பிறகு, "உங்கள் கோட்டை மாட்டிக்கொள்ளுங்கள், ஆற்றுக்குப் போகிறோம்."

தூணின் மறுபக்கத்தில், குழி இல்லாத பக்கத்தில், ஒரு மிதவையைக் கொண்டுவந்து கட்டினார்கள். அதிலிருந்து ஒரு நீள இரும்புக் கம்பியைச் சாய்வாக ஆற்றுமண்ணுக்குள் அடிப்பது என்று ஏற்பாடு. சாய்வை நானே கணக்கிட்டேன், ப்ரெனெக்கே சரிபார்த்தார். ஆறரை மீட்டர் ஆழத்தைத் தாண்டும்போது கம்பியின் நுனி தூணுக்கு நேர் கீழே நுழையும். அங்கே கல்லில் முட்டினால் அடித்தளம் ஆழமாக இருக்கிறது, ப்ரெனெக்கேயும் பென்சில் மூன்றும் சரி. முட்டாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தால் நான் சரி.

சம்மட்டி பிடித்தவர் சிவபாலன். அவர்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கம்பெனி மேஸ்திரி அனுப்பிய ஆள் அவர். கம்பியில் கால் மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புக் கோடுகள் இருந்தன. ஒரு கோடு தண்ணீருக்குள் மறைந்ததும் அவர் ஆழத்தை உரக்கச் சொல்ல வேண்டும், நான் திரும்பச் சொல்ல வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். அன்றைக்கும் அதே முறைதான்.

நாலு. நாலேகால். நாலரை. மேலே ஒரு ரயில் வந்தது. மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தார்கள், ஆனாலும் தூண் அதிர்வது மிதவையில் காலுக்குத் தெரிந்தது. இதே தூணை எத்தனையோ முறை தொட்டு அளந்திருக்கிறேன். அன்றைக்கு அதன் நிழலில் நிற்கவே உடம்பு கூசியது.

ஆறு. ஆறேகால். ஆறரை.

டங் என்று ஒரு சத்தம். கம்பி நின்றது.

ப்ரெனெக்கே மூச்சு விட்டார். அந்த மூச்சில் இருந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. என் கதை முடிந்தது என்று தோன்றியது. வெட்கத்தில் கண்ணில் நீர் முட்டியது. சிவபாலன் மட்டும் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"கல்லெண்டால் கம்பி திருப்பி உதைக்கும். இது உதைக்கேல்லை அண்ணை. கூழாங்கல்லாக்கும். இன்னும் நாலைஞ்சு அடி அடிக்கட்டே?"

ப்ரெனெக்கே என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். தலையசைத்தார்.

சம்மட்டி விழுந்தது. ஒன்று. இரண்டு. என் பக்கத்தில் யாரோ முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். ப்ரெனெக்கே. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டிருந்தார். 'ஏன், ட்வே, ட்ரே, ஃபேர்...' நான் படித்த ஜெர்மன் அல்ல அது. வடகடலோரத்து மீனவர்கள் பேசும் வட்டாரப் பேச்சு. தான் அப்படி எண்ணுவது அவருக்கே தெரிந்திருக்காது.

கம்பி சறுக்கியது. ஒரே அடியில் ஒரு சிவப்புக் கோடு முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. அடுத்த அடியில் இன்னொன்று.

"மண்ணண்ணை! வெறும் மண்!" சிவபாலன் தமிழில்தான் கத்தினார். "கீழ ஒண்டுமில்லை!"

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். ப்ரெனெக்கே கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. குழிக்குள் தண்ணீரைத் திரும்ப நிரப்பச் சொன்னார், தகடுகளுக்கு எதிர்ப்பாரம் வேண்டும் என்று. ரயில்களை நிறுத்தச் சொன்னார். கரையிலிருந்த தகரக் கொட்டகைக்குள் போய் மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார்.

"பிழை என்னுடையது. கிழவர் சரியாகத்தான் கூட்டியிருக்கிறார். நான்தான் தவறாகத் திருத்திவிட்டேன்" என்றார். அவ்வளவுதான். என் பெயரை அவர் சொல்லவில்லை. எனக்கு அது சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். ஆனால் பழியை மட்டும் அவர் யாருக்கும் பங்கு வைக்கவில்லை என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

பிறகு மூன்றாம் தூணின் அடித்தளத்தைப் பலப்படுத்தினோம். திண்டைத் தள்ளிக் கட்டினோம். ப்ரெனெக்கே எனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசா தாளில் எப்போதும்போல் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு மாற்றம். முக்கியமான கணக்கு எது வந்தாலும், எல்லோரும் சரிபார்த்த பிறகு என் மேசையில் கொண்டுவந்து வைப்பார்.

"தமிழில், ஹெர் ராஜன். தயவுசெய்து."

நான் வாய்விட்டுத் தமிழில் கூட்டுவேன். அவர் நின்றுகொண்டே கேட்பார். அலுவலகத்தில் ஒரு பயலும் சிரிக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். விருந்து, பூங்கொத்து, மேலிடத்து ஆட்களின் உரைகள். பிழையே செய்யாத பொறியாளர் என்று ஒருவர் புகழ்ந்தார். ப்ரெனெக்கே அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்தபோது கையை விடவில்லை. தொண்டையைச் செருமினார். பாடம் ஒப்பிக்கும் பையனைப் போல விறைப்பாக நின்று சொன்னார்:

"மூண்டு இல்லை. அஞ்சு."

சுற்றி நின்றவர்களுக்கு ஏதோ வெளிநாட்டு வாழ்த்து என்று தோன்றியிருக்கும். எனக்கு அந்த 'மூண்டு' காதில் தனியாக விழுந்தது. நான் திருச்சிக்காரன். வாய்விட்டுக் கூட்டும்போது மூணு என்பேனே தவிர என் வாயில் மூண்டு வராது. அது சிவபாலனின் மூண்டு. அந்த நெட்டை மனிதர் எனக்குத் தெரியாமல் ஆற்றங்கரைக்குப் போய், படகு படகாகத் தேடி, சம்மட்டி அடித்தவரைக் கண்டுபிடித்து, அவர் முன்னால் நின்று இந்த மூன்று வார்த்தையைப் பாடம் கேட்டிருக்கிறார்.

சரி என்று ஜெர்மனில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஓம்" என்றேன். "ஓம், ஹெர் ப்ரெனெக்கே."